சேலத்தில் தண்ணீர் 101 டிகிரியில் கொதித்தது, நோட்டில் என்ன எழுதுவது?

அஸ்தம்பட்டி அம்மா | வெள்ளி, இரவு 9.10

மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அவளும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து எடுத்த தலைப்பு "மலை மேலே போனால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்குமா?" என்பது. நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏற்காட்டில் இருக்கும் என் நாத்தனார் "எங்க ஊர் டீ கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தாலும் நாக்கு வேகாது" என்று எப்போதோ விளையாட்டாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள்.

லேப் சாமான் விற்கும் கடையில் சிவப்புத் திரவம் ஓடும் கண்ணாடி வெப்பமானி ஒன்று வாங்கினோம், மைனஸ் 10 முதல் 110 வரை. வீட்டில் மூன்று தடவை காய்ச்சினார்கள்: 100.5, 101, 100.5. போன ஞாயிறு பஸ் ஏறி நாத்தனார் வீட்டுக்குப் போய், அதே பாத்திரம், அதே வெப்பமானி, மூன்று தடவை: 96.5, 97, 97. கொண்டை ஊசி வளைவு இருபதிலும் வெப்பமானியை மடியில் துண்டு சுற்றி வைத்துக்கொண்டு வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்த பெருமை தனி.

நோட்டைப் பார்த்த டீச்சர், தண்ணீர் 100-க்கு மேல் கொதிக்காது, இது தப்பு, சேலத்துக்கு 100, ஏற்காட்டுக்கு 95 என்று மாற்றி எழுதி வா என்று சொல்லிவிட்டார். இவள் அழித்து எழுதிவிட்டு நேற்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். "அப்ப எதுக்கு ஏற்காடு போனோம்" என்கிறாள். நான் பி.காம். எனக்குப் பதில் தெரியவில்லை. புதன்கிழமை நோட்டு கொடுக்க வேண்டும். எதை எழுதச் சொல்லட்டும்?

பிளஸ்டூ பாவி | வெள்ளி, இரவு 9.32

அக்கா, மிஸ் சொன்னதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். பிராக்டிகலில் தனி ஊசல் வந்தால் நான் முதலில் கடைசிப் பக்கத்தில் புவியீர்ப்பு முடுக்கம் g = 9.81 என்று எழுதிவிடுவேன், அப்புறம் கால்குலேட்டரில் பின்னாலிருந்து வந்து அலைவு நேரத்தைப் போடுவேன். எங்கள் செட்டில் அத்தனை பேருக்கும் 9.81தான். ஒருவன் மட்டும் 9.80 போட்டான், சந்தேகம் வரக்கூடாதாம்.

பழைய லேப் ஆள் | வெள்ளி, இரவு 10.05

தம்பி, உன் செட் முழுவதும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சேலத்தில் g 9.81 கிடையாது. அது பாரிஸ் பக்கத்து எண். பூமி சுழல்வதாலும் நடுவில் கொஞ்சம் புடைத்திருப்பதாலும் துருவத்தில் 9.83, நிலநடுக்கோட்டில் 9.78. நாம் இருப்பது பதினொன்றரை டிகிரி சொச்சத்தில், நமக்கு 9.78. முப்பது வருடம் கல்லூரி ஆய்வகத்தில் ஊசல் குண்டு எடுத்துக் கொடுத்தவன் நான், 9.81 என்று எழுதிய ரெக்கார்டைப் பார்த்தாலே இது நூலில் தொங்கியதா, பேனாவில் தொங்கியதா என்று தெரிந்துவிடும்.

உண்மையில் 20 அலைவு எண்ணி இந்த வித்தியாசத்தைப் பிடிக்கவும் முடியாது. ஒரு மீட்டர் ஊசலுக்கு 9.81-க்கும் 9.78-க்கும் இடையே 20 அலைவில் வரும் வேறுபாடு 0.06 விநாடி. ஸ்டாப் வாட்ச் பட்டனை அமுக்க உன் கட்டைவிரல் எடுத்துக்கொள்ளும் தாமதமே அதைவிட அதிகம். 100 அலைவு எண்ணு, 0.3 விநாடி வரும், அப்போது கொஞ்சம் பேசலாம். அலைவு சின்னதாக இருக்கட்டும், ஐந்து டிகிரிக்குள். நீளத்தைக் குண்டின் நடு வரைக்கும் அள, கொக்கி வரைக்கும் அளந்துவிட்டு என்னிடம் வராதே.

அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, மன்னிக்கவும். அழித்தது முதல் தப்பு. பென்சில் எழுத்தா?

அஸ்தம்பட்டி அம்மா | வெள்ளி, இரவு 10.11

பேனாதான் சார். ஒயிட்னர் வைத்துப் பூசியிருக்கிறாள். நல்லவேளை, ஏற்காட்டில் எழுதிய துண்டுச் சீட்டு என் பையில் கிடக்கிறது, பஸ் டிக்கெட்டுக்குப் பின்பக்கம்.

இயற்பியல்காரி | வெள்ளி, இரவு 10.48

அந்த டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் அவளுடைய உண்மையான நோட்டு. ஒட்டிக்கூடக் கொடுக்கலாம்.

டீச்சர் சொன்ன 100-ம் சரியில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். 100 டிகிரி என்பது கடல் மட்டக் காற்றழுத்தத்துக்கு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், அதோடு கொதிநிலையும் குறையும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி இறங்கும் என்று வைத்துக்கொண்டால் நம் ஊரில் தண்ணீர் 99 பக்கத்தில் கொதிக்க வேண்டும். ஏற்காட்டுக்கு 1,515 மீட்டர் என்று போட்டிருப்பார்கள், அந்தக் கணக்கில் 95. ஆனால் அந்த எண் உங்கள் நாத்தனார் வீட்டு அடுப்படிக்குச் சொன்னது இல்லை. ஏரி பள்ளத்தில் இருக்கிறது, சேர்வராயன் கோயில் 1,600-ஐத் தாண்டி நிற்கிறது, எல்லாமே ஏற்காடுதான். வீடு எந்த உயரத்தில் என்று செல்போன் வரைபடத்தில் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்போது அவள் ரீடிங். சேலத்தில் எதிர்பார்த்ததைவிட ஒன்றரை டிகிரி அதிகம், ஏற்காட்டிலும் அதே அளவு அதிகம். இரண்டு ஊரிலும் ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளிப்போனால் எனக்கு முதல் சந்தேகம் வெப்பமானி மேல்தான், பிள்ளைகள் மேல் இல்லை. நாளைக்குக் காலையில் ஐஸ்கட்டியை நன்றாக நொறுக்கி, ஒரு டம்ளர் நிறையப் போட்டு, ஐஸ் மூழ்காத அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, வெப்பமானியை நடுவில் நிறுத்தி, ஐந்து நிமிடம் கலக்கிவிட்டுப் பாருங்கள். சுழியம் காட்ட வேண்டும். என்ன காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள்.

வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்ததா என்றும் கேளுங்கள். அடி தண்ணீரைவிடச் சூடு.

கன்னங்குறிச்சிக்காரர் | சனி, காலை 6.50

எங்கள் போர் தண்ணீரில் காய்ச்சினால் கெட்டிலில் வெள்ளை வெள்ளையாகப் படியும். சேலத்தில் போர் தண்ணீர், ஏற்காட்டில் ஊற்றுத் தண்ணீர் என்று மாற்றியிருந்தால்? உப்பு இருந்தால் கொதிநிலை ஏறும் என்று படித்த ஞாபகம். வெப்பமானியைத் திட்டுவதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்.

இயற்பியல்காரி | சனி, காலை 7.30

நல்ல கேள்வி, கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு லிட்டரில் இரண்டு கிராம் உப்பு கரைந்திருந்தால் வாயில் வைத்ததும் கரிக்கும், அந்தத் தண்ணீரில்கூடக் கொதிநிலை பத்தில் ஒரு பங்கு டிகிரி உயராது. ஒன்றரை டிகிரிக்கு அது போதாது. இருந்தாலும் ஒரே தண்ணீரை இரண்டு ஊருக்கும் எடுத்துப் போயிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. எது தண்ணீர் என்று நோட்டில் ஒரு வரி எழுதட்டும்.

மலைக்காரன் | சனி, காலை 8.15

ஏற்காட்டிலிருந்து. தலைப்பில் "சீக்கிரம்" என்று இருக்கிறதே, அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள். சீக்கிரம் என்றால் நேரம். பிள்ளை அளந்தது வெப்பநிலை. அடுப்புத் தீயும் பாத்திரமும் ஒன்றாக இருந்தால்தான் நேரத்தைப் பேச முடியும், அதிலும் எங்கள் ஊர்த் தண்ணீர் குழாயிலிருந்து வரும்போதே சில்லென்று இருக்கும், கொதிக்கக் கூடுதல் நேரம் எடுத்தாலும் எடுக்கும்.

சொல்லப்போனால் இங்கே எதுவும் சீக்கிரம் ஆகாது. கொதி வரும், வேகாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு போட்டால் அது பாட்டுக்குக் குதித்துக்கொண்டே இருக்கும், நசுக்கினால் நறுக்கென்று இருக்கும். அதனால் குக்கர் இல்லாத வீட்டைப் பார்க்க முடியாது. கீழேயிருந்து வரும் சொந்தக்காரர்கள் "கொதிச்சிருச்சே, இறக்கு" என்பார்கள்.

இன்னொன்று, சும்மா சொல்கிறேன். அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வரும்போது தலையணை மாதிரி உப்பியிருக்கும். காற்றழுத்தம் குறைவதைக் காட்ட அதைவிட லேசான வழி இல்லை. வளைவுக்கு வளைவு போட்டோ எடுத்து ஒட்டினால் நடுவர் நின்று பார்ப்பார்.

அஸ்தம்பட்டி அம்மா | சனி, காலை 11.20

ஐஸ் வைத்துப் பார்த்தோம். 1.5! மூன்று தடவை எடுத்துப் பார்த்தாள், ஒன்றரையை விட்டு அசையவில்லை. வீட்டில் ஒரே ஆட்டம். "நான் தப்பா பாக்கல, அதுதான் தப்பா காட்டுது" என்று அப்பாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். குமிழ் அடியைத் தொடவில்லையாம், அத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டார்களாம். தண்ணீர் இரண்டு இடத்திலும் கேன் தண்ணீர், ஆனால் வேறு வேறு கேன்.

அப்படியென்றால் எல்லா எண்ணிலும் ஒன்றரையைக் கழித்து எழுதிவிடலாமா? சராசரி போட்டு வைத்திருக்கிறாள்: சேலம் 100.666667, ஏற்காடு 96.833333.

இயற்பியல்காரி | சனி, பகல் 12.05

அந்த ஆறு ஆறு ஆறைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம், என் கல்லூரிப் பிள்ளைகளும் இதையே செய்கிறார்கள். அரை டிகிரியைக் கண்ணால் மதிப்பிட்டுப் படிக்கும் வெப்பமானியிலிருந்து மில்லியனில் ஒரு பங்கு டிகிரி எப்படி வரும்? கால்குலேட்டருக்கு வெட்கம் கிடையாது, நமக்குத்தான் வேண்டும். 100.7, 96.8 என்று நிறுத்தட்டும், அந்தக் கடைசி இலக்கமே ஆட்டம்தான்.

கழிப்பதைப் பற்றி. சுழியத்தில் ஒன்றரை கூட்டிக் காட்டுகிறது என்றால் நூறு பக்கத்திலும் அதே ஒன்றரைதான் கூட்டிக் காட்டும் என்று உறுதி இல்லை. குழாயின் துளை எல்லா இடத்திலும் ஒரே அகலமாக இருக்காது, கோடுகள் சரியாக அச்சாகாமல் இருக்கலாம், வெப்பமானியின் தண்டு தண்ணீருக்கு வெளியே நின்றால் அதுவும் கொஞ்சம் இழுக்கும். அதனால் கழித்து எழுதினால் அது தனிப் பத்தியில், "திருத்திய மதிப்பு" என்று. படித்த எண் படித்தபடியே முதல் பத்தியில் இருக்க வேண்டும், யாரும் அதைத் தொடக்கூடாது.

ஆனால் அவளுக்கு அந்தத் திருத்தமே தேவையில்லை. அவள் கேட்டது "சேலத்தில் எத்தனை டிகிரி" என்று இல்லை, "மேலே போனால் குறையுமா" என்று. 96-க்கும் 101-க்கும் இடையே வெப்பமானியின் கோளாறு ஏறக்குறைய ஒரே அளவுதான் இருக்கும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது அது அடிபட்டுப் போகும். கிட்டத்தட்ட 4 டிகிரி வித்தியாசம். 1,200 மீட்டர் ஏற்றத்துக்கு வர வேண்டியதும் சுமார் 4 டிகிரி. கோணல் வெப்பமானியை வைத்து நேரான பதிலை எடுத்திருக்கிறாள். டீச்சர் சொன்னபடி 100, 95 என்று எழுதியிருந்தால் 5 டிகிரி என்று ஆகியிருக்கும், அது இதைவிட மோசம்.

பிளஸ்டூ பாவி | சனி, பகல் 12.40

செல்போனில் காற்றழுத்தம் பார்த்தேன். வானிலை ஆப்பில் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண், 1010 சொச்சம். அப்படியென்றால் அழுத்தம் குறையவே இல்லையே? நீங்கள் சொன்ன எல்லாம் போச்சா?

இயற்பியல்காரி | சனி, பகல் 12.58

ஊர்களை ஒப்பிட வசதியாக, எல்லா ஊரின் அழுத்தத்தையும் கடல் மட்டத்தில் இருந்தால் எவ்வளவு என்று மாற்றித்தான் அதில் தருவார்கள். நேரில் அளந்தால் சேலத்தில் 980 பக்கம், ஏற்காட்டில் 850 பக்கம் வரும். சில போன்களுக்குள்ளேயே அழுத்தமானி இருக்கிறது, அது இருந்தால் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே எண் இறங்குவதைப் பார்க்கலாம். இதை அந்தப் பெண் நோட்டில் எழுதவே வேண்டும், யாராவது நடுவர் போனை எடுத்து நீட்டினால் கைகொடுக்கும்.

வாத்தியார் ஆத்தூர் | சனி, மாலை 5.20

எல்லோரும் அந்த டீச்சரைக் காய்ச்சி எடுப்பதற்குள் நான் ஒரு வார்த்தை. நானும் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்தான். ஒரு பீரியடு நாற்பது நிமிடம், அறுபது பிள்ளைகள், வேலை செய்யும் வெப்பமானி இரண்டு. 101 என்று ஒரு பிள்ளை சொன்னால், ஐஸ் எங்கே போய் வாங்குவது? 100 என்று எழுது, அடுத்த ஆள் வா. இதைச் சரி என்று சொல்லவில்லை, எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

எனக்குச் சூடு வைத்தது வெள்ளைக்கல். செட்டிச்சாவடிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது வழியில் கிடந்த ஒரு கட்டி மேக்னசைட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, கார்பனேட் என்றால் அமிலத்தில் நுரைக்கும், பாருங்கள் என்று வகுப்பில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அதன் மேல் சொட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கல் கல்லாகவே இருந்தது. மணி அடித்துவிட்டது. மறுநாள் நோட்டைத் திருத்தினால் அத்தனை பேரும் "நுரைத்துப் பொங்கியது" என்று எழுதியிருக்கிறார்கள். என் கண் முன்னால் நுரைக்காததை, என்னிடமே. ஒரே ஒரு பையன் மட்டும் "கல் நனைந்தது" என்று எழுதியிருந்தான். அவனுக்கு வழக்கமாக நான் மார்க்கு குறைப்பேன், கையெழுத்து அப்படி.

பிறகுதான் தேடிப் படித்தேன். சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும், மேக்னசைட் குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் மிக மெதுவாகத்தான் வினைபுரியும், பொடி செய்து அமிலத்தைக் கொஞ்சம் சூடாக்கினால் குமிழ் வரும். கல் பார்ப்பவர்கள் இரண்டையும் பிரித்துச் சொல்வதே இதை வைத்துத்தானாம். அடுத்த வாரம் இடித்துப் பொடியாக்கிச் செய்து காட்டினேன், வந்தது. "கல் நனைந்தது" பையனைத்தான் முன்னால் நிற்க வைத்தேன்.

ஜவ்வரிசி | சனி, இரவு 8.45

எங்கள் குடும்பத்துக்குச் சேகோ ஆலை. போன வருடம் ஒரு பள்ளிப் பிள்ளைகள் "ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவுக் கலப்படம்" என்று கண்காட்சியில் வைத்திருந்தார்கள். அயோடின் சொட்டினால் நீலம் வருகிறது, ஆகவே கலப்படம் என்று பெரிய அட்டை. ஜவ்வரிசி செய்யும் மரவள்ளிக் கிழங்கு மாவும் ஸ்டார்ச், மக்காச்சோள மாவும் ஸ்டார்ச், இரண்டும் நீலம்தான் வரும்! கலப்படமே இல்லாத ஒன்றை எடுத்து அதிலும் அயோடினைச் சொட்டிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் வேறுபாடு தெரியும், மரவள்ளி மணிகள் உருண்டையாக ஒரு பக்கம் வெட்டினாற்போல் இருக்கும், மக்காச்சோளம் மூலை மூலையாக. ரீடிங்கை மாற்றுவதை மட்டும் பேசுகிறீர்கள், இவர்கள் எதையும் மாற்றவில்லை, பார்த்ததைத்தான் எழுதினார்கள், முடிவைத்தான் எங்கிருந்தோ கொண்டுவந்தார்கள். பரிசும் வாங்கினார்கள்.

கன்னங்குறிச்சிக்காரர் | சனி, இரவு 9.30

அதைத்தான் சொல்கிறேன். பரிசு அட்டைக்குத்தான். பிள்ளை 100.7 என்று எழுதி, ஐஸ், திருத்தம் என்று இரண்டு பக்கம் விளக்கினால் நடுவர் படிப்பாரா? பக்கத்து மேசையில் எரிமலை புகை விட்டுக்கொண்டிருக்கும்.

இயற்பியல்காரி | சனி, இரவு 10.15

படிக்காமல் போகலாம். நான் நடுவராகப் போன இடங்களில் அட்டையைத் தாண்டி நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். எல்லோரும் அப்படி இல்லை, தெரியும்.

ரேலி என்ற இயற்பியலாளர் கதை ஒன்று இருக்கிறது. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனையும் அம்மோனியாவிலிருந்து எடுத்த நைட்ரஜனையும் நிறுத்தார். காற்று நைட்ரஜன் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம் அதிகம். நம் செட்டாக இருந்தால் "சோதனைப் பிழை" என்று எழுதி மூடியிருப்போம். அவர் செய்முறையை மாற்றிச் செய்தார், வித்தியாசம் குறையவில்லை, இருநூற்றில் ஒரு பங்காகக் கூடியது. 1892-ல், எனக்குப் புரியவில்லை, யாருக்காவது காரணம் தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஓர் இதழுக்குக் கடிதம் எழுதினார். நாம் இங்கே செய்வதுதான். ராம்சேயும் சேர்ந்துகொண்டு 1894-ல் பார்த்தால், காற்றில் ஆர்கான் என்று யாருக்கும் தெரியாத ஒரு வாயு இருந்திருக்கிறது. 1904-ல் இருவருக்கும் நோபல், அவருக்கு இயற்பியலில், ராம்சேக்கு வேதியியலில்.

இந்தப் பெண் கண்டுபிடித்தது ஆர்கான் இல்லை, மலிவு விலை வெப்பமானி. இருக்கட்டுமே.

அஸ்தம்பட்டி அம்மா | செவ்வாய், இரவு 9.00

எழுதி முடித்துவிட்டாள். புது நோட்டு வாங்கித் தரவா என்றேன், பழைய லேப் ஆள் சார் சொன்னதைப் படித்துக் காட்டியதால் வேண்டாம் என்று ஒயிட்னர் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் "இந்த எண்கள் அளந்தவை அல்ல" என்று எழுதி, டிக்கெட்டை ஒட்டியிருக்கிறாள். தலைப்பில் "சீக்கிரம்" போய் "குறைந்த வெப்பநிலையில்" வந்துவிட்டது. முடிவுப் பகுதியை அப்படியே தருகிறேன்:

"எங்கள் வெப்பமானி ஐஸில் 1.5 காட்டியது. ஆகையால் அது கூட்டிக் காட்டுகிறது என்று நினைக்கிறோம். சேலத்தில் சரியாக எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று எங்களால் சொல்ல முடியாது. ஏற்காட்டில் அதைவிடச் சுமார் 4 டிகிரி குறைவாகக் கொதிக்கிறது என்று சொல்ல முடியும். தண்ணீர்க் கேன் வேறு வேறு. அத்தை வீட்டு அடுப்பு இரண்டாவது தடவை அணைந்துவிட்டது, மறுபடி பற்ற வைத்தோம்."

அடுப்பு அணைந்ததெல்லாம் எழுத வேண்டுமா?

பழைய லேப் ஆள் | செவ்வாய், இரவு 9.14

கட்டாயம் வேண்டும். இந்த நோட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி அதுதான் அம்மா.

அஸ்தம்பட்டி அம்மா | வியாழன், மாலை 6.40

நேற்று டீச்சர் நோட்டைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். இன்றைக்குக் கேன்டீனில் ஐஸ் வாங்கி வரச் சொல்லி, பள்ளி வெப்பமானிகள் ஆறையும் ஒரே கிண்ணத்தில் நிறுத்திப் பார்த்திருக்கிறார். ஒன்றுகூட இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. ஒவ்வொன்றின் கழுத்திலும் எவ்வளவு தப்பு என்று சீட்டு எழுதிக் கட்டும் வேலையை இவளிடம் கொடுத்துவிட்டார். கண்காட்சி அடுத்த வாரம். எல்லோருக்கும் நன்றி.

பிளஸ்டூ பாவி | வியாழன், இரவு 8.05

சார், ரோஷம் வந்து வீட்டில் மின்விசிறிக் கொக்கியில் ஊசல் கட்டினேன். விசிறியைக் கழற்றியதற்கு அம்மா திட்டு. சரியாக 100 சென்டிமீட்டர், குண்டின் நடு வரைக்கும். 100 அலைவு, 198.9 விநாடி. g 9.98 வருகிறது. மூன்று தடவையும் அப்படியே. இதை அப்படியே எழுதினால் எக்ஸ்டர்னல் என்னைக் கொன்றுவிடுவார்.

பழைய லேப் ஆள் | வியாழன், இரவு 8.11

பட்டனை அமுக்கித் தொடங்கும்போது "ஒன்று" என்று எண்ணினாயா, "சுழியம்" என்றா?

பிளஸ்டூ பாவி | வியாழன், இரவு 8.12

ஒன்று.

பழைய லேப் ஆள் | வியாழன், இரவு 8.15

அப்போது நீ எண்ணியது 99. வகுத்துப் பார்.

பிளஸ்டூ பாவி | வியாழன், இரவு 8.21

9.78!!! மூன்று தடவையும் 99 என்று மாற்றிப் போட்டு ரெக்கார்டில் ஏற்றிவிடட்டுமா?

பழைய லேப் ஆள் | வியாழன், இரவு 8.23

விசிறியை மாட்டிவிட்டாயா? மாட்டவில்லை என்றால் சுழியத்திலிருந்து மறுபடி எண்ணு.